நாற்பத்தோராம் எலி

இருபத்திரண்டு வருடம் நான் பார்த்தது ஒரே இடத்தை:
பலகையில் செய்த சின்ன முச்சந்தி.
இடப்பக்கம் உடனே ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர்.
வலப்பக்கம் நான்கு சொட்டு, ஆனால் காத்திருக்க வேண்டும்.
எலி நடுவில் நின்று
இந்தப் பக்கம், அந்தப் பக்கம் தலையைத் திருப்பும்.
அதன் மண்டைக்குள் நான் இறக்கிய கம்பி
தலைமயிரைவிட மெல்லியது;
எனக்கு மட்டும் கேட்கும்படி பொரியும்,
எண்ணெய்ச் சட்டியில் கடுகு மாதிரி.
கால் நகருமுன்பே தெரிந்துவிடும்
எந்தப் பக்கம் என்று.
அதற்குத்தான் பட்டம், பதவி,
பெர்லினில் ஒரு மேடை, கழுத்தில் தொங்கிய அட்டை.

நாற்பத்தோராம் எலி முச்சந்திக்கு வந்தது.
உட்கார்ந்தது.
முகம் கழுவிக்கொண்டது.
ஏழு நிமிடம். பிறகு வந்த வழியே திரும்பிவிட்டது.
பதினோரு நாள் இதையேதான் செய்தது.
அடிக்குறிப்பில் எழுதினேன்:
'ஒரு விலங்கு விலக்கப்பட்டது.'
ஊசியிலிருந்தும் கத்தியிலிருந்தும்
அதை யாரும் விலக்கவில்லை.

இப்போது சானமாவு.
ஓசூர் – ராயக்கோட்டை ரோட்டோரம், மார்கழி,
ஜீப் கண்ணாடியில் பனி வழிகிறது.
எலியை விட்டு யானைக்கு ஏன் வந்தீர்கள் என்று
நேர்காணலில் கேட்டார்கள்.
'கண்ணுக்குத் தெரிகிறது' என்றேன். சிரித்தார்கள்.
யானையின் தலையில் கம்பி இறக்க முடியாது,
அதனால்தான் என்று சொல்லவில்லை.

இங்கே முச்சந்தி நான் செய்ததல்ல.
ஒரு பக்கம் சந்திரம்மாவின் அறுவடைக்கு நிற்கும் ராகி,
இன்னொரு பக்கம் மின்வேலி போட்ட ரோஜாக் கூடாரங்கள்,
நடுவில் தார், இரவெல்லாம் தக்காளி லாரி.
மூன்று வருடக் காமிரா, காலடி, சாணி, நிலவு தேதி
எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

'இன்னிக்கு ராத்திரி எம்பக்கம் வருமா?
அத மட்டும் சொல்லு. மூணு நாளா கண்ணு மூடல.'

எழுபத்தொரு சதவீதம் வராது என்றேன்.
பரணை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

வந்தது.

காலையில் வயல் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது.
அவள் அழவில்லை. நஷ்ட ஈட்டுப் படிவத்தை நீட்டினாள்.
'நீயே எழுது.
வந்தது என்ன, இருபத்தொம்பது பங்கு ஆனையா?
முழு ஆனை. குட்டியோட.'

ஏக்கர் கேட்டிருந்தது, பட்டா எண், வங்கிக் கணக்கு.
என் பெயர் எழுதக் கட்டம் இல்லை.
கையிலிருந்த எட்டாயிரத்தைக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து, 'பத்தாது' என்றாள்.
பத்தாதுதான்.

அன்றைய காமிராவில்
இரண்டு பதினாலுக்கு அது ரோட்டோரம் நிற்கிறது.
முன்னங்காலைத் தூக்குகிறது, வைக்கிறது.
ரோடு மூன்று முறை காலியாகிறது; கடக்கவில்லை.
காட்டுப்பக்கம் திரும்பி, தும்பிக்கையால் குட்டியைத் தடவி,
மறுபடி ரோட்டைப் பார்த்து நிற்கிறது.
பத்தொன்பது நிமிடம்.
என் அட்டவணையில் அதற்கு ஒரே சொல்: 'கடந்தது.'
ராகி வாசனையா, குட்டியின் நொண்டலா,
போன வருடம் இதே இடத்தில் வெடித்த பட்டாசா,
எது எதை வென்றது?
எனக்கு எந்தக் கடுகும் கேட்கவில்லை.

இன்று இரவு மீதி அரை ஏக்கருக்கு நானும் காவல்.
முதல் சாமம் சந்திரம்மா பரணில், நான் ஜீப்பில்.
தூக்கம் வராமல் இருக்கப் பழைய வன்தட்டைத் திறந்தேன்.
நாற்பத்தொன்றின் பதிவு அதில் இருந்தது,
விலக்கியதால் ஒருநாளும் ஓடவிட்டதில்லை.
காதில் மாட்டிக்கொண்டேன்.
முகம் கழுவிக்கொண்டிருந்த அந்த எலியின் தலைக்குள்
இடம், இடம், வலம்,
வந்த வழி, வலம், மறுபடி வந்த வழி,
ஏழு நிமிடமும்
சட்டி கொள்ளாமல் பொரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.
'தூங்கிட்டியா? டார்ச்ச எடு.
ரோட்டுக்கு அந்தாண்ட நிக்குது.'